ஒரே டப்பாவில் கட்டச் சொன்னேன்

பையில் என்ன என்று கேட்டீர்கள் இல்லையா அக்கா, சொல்கிறேன். ஆனால் அந்தக் கதை எனக்கே அடுத்தவர் வாய் வழியாக வந்ததுதான். அதில் வருகிற ஆள் நான்தான் என்றாலும், நான் என்ன செய்தேன் என்பதை இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்படியும் நடக்கிறது பாருங்கள்.

முதலில் வாசனைக்கு மன்னித்துக்கொள்ளுங்கள். தாய்லாந்து நூடுல்ஸ். மீனைப் புளிக்கவைத்து எடுக்கிற ஒரு சாறு ஊற்றுவார்கள், அந்த வாசனைதான். மேலே வைக்கலாம், கொட்டிவிடுமோ என்று பயம். செய்யாறு வரைக்கும் மடியிலேயே இருக்கட்டும். எனக்கும் அம்மாவுக்கும். வேர்க்கடலையைப் பொடித்து மேலே தூவியிருக்கிறார்கள், அம்மாவுக்கு வேர்க்கடலை என்றால் போதும். கடையில் "ரெண்டா கட்டவா மேடம்?" என்று கேட்டார்கள். ஒரே டப்பாவில் கட்டச் சொன்னேன்.

என் பெயர் பூங்காவனம். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். காருக்குள் போகிற பாகங்களை அளந்து பார்க்கிற வேலை. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. சும்மா சொல்லவில்லை, தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழே இருக்கிறது. அதைக் காட்டித்தான் காலேஜில் சேர்ந்தேன்.

கம்பெனியில் எனக்கு இரண்டு நண்பர்கள். நிவேதிதா, அண்ணா நகர்க்காரி. ஜுனைத், கீழக்கரைக்காரன். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். மாதத்தில் முதல் சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் வெளியே சாப்பிடப் போவோம். நிவேதிதா இரண்டு சட்டம் வைத்திருந்தாள். ஒன்று, தெரிந்த சாப்பாடு கூடாது. இன்னொன்று, யாருக்கும் தனியாக எதுவும் வாங்கக் கூடாது, எல்லாம் நடுவில். முதல் சட்டம் எனக்குப் பிடிக்கும். இரண்டாவது சட்டத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

இரண்டு மாதம் முன்னால் ஜப்பான் கடை என்று முடிவானது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பான்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காகவே உள்ள கடை. குச்சியில்தான் சாப்பிட வேண்டும் என்றாள் நிவேதிதா. நான் ஒரு வாரம் ஹாஸ்டலில் உட்கார்ந்து இரண்டு பென்சிலால் வேர்க்கடலை எடுத்துப் பழகினேன். நாற்பது கடலையை ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்கு. சுகிர்தா, என் ரூம்காரி, "உனக்கென்ன பரீட்சையா வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள். எனக்கு எல்லாமே பரீட்சைதான் அக்கா. தயார் செய்யாமல் எங்கும் போகமாட்டேன்.

இன்னொன்றும் கவனித்து வைத்திருந்தேன். எங்கள் கேன்டீனில் மட்சுதா என்று ஒரு ஜப்பான்கார மேனேஜர் சாப்பிடுவார். நடுவில் ஊறுகாய்த் தட்டு இருந்தால், குச்சியைத் திருப்பிப் பிடித்து, வாயில் படாத பின்முனையால் எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொள்வார். அதைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு நிம்மதி. எச்சில் பார்க்கிறவர்கள் உலகத்தில் நாம் மட்டும் இல்லை.

எச்சில் பார்ப்பது என்றதும் உங்கள் முகம் மாறுகிறது. பொறுங்கள், நீங்கள் நினைக்கிற எச்சில் இல்லை. எங்கள் ஊரில் எங்களுக்கென்று தனி டம்ளர் வைத்திருந்த டீக்கடை இருந்தது. அந்த டம்ளர் போய்ப் பல வருஷம் ஆகிறது. எங்கள் அப்பா இன்னும் அந்தக் கடையில் டீ குடிப்பதில்லை. அந்த வீட்டுப் பெண் நான். நான் போய் ஒருவரைத் தள்ளி வைப்பேனா?

நான் எட்டாவது முடித்த வருஷம் அம்மாவுக்குக் காசநோய் வந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடத்தில் கிருமியைப் பற்றிப் படித்திருந்தேன். வீட்டில் படிக்கத் தெரிந்தது நான் ஒருத்திதான். அதனால் சட்டம் போட்டது நான்தான். அம்மாவுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர், தனி. மாறிவிடக் கூடாது என்று ஜாமெட்ரி பாக்ஸ் காம்பஸ் முனையால் தட்டின் அடியில் 'அ' என்று கீறி வைத்தேன். ஆறு மாதத்தில் அம்மா குணமானார். எங்கள் யாருக்கும் ஒன்றும் வரவில்லை. பதின்மூன்று வயதில் ஒரு குடும்பத்தையே காப்பாற்றினேன் என்று சொன்னால் பெருமை அடிப்பதாக நினைப்பீர்கள், ஆனால் நடந்தது அதுதான்.

இன்றைக்கும் அம்மா அந்தத் தட்டில்தான் சாப்பிடுவார். நாங்கள் சொல்லவே வேண்டாம், அவரே எடுத்துக்கொண்டு போய்க் கதவோரம் உட்கார்ந்துவிடுவார். நான் பட்டம் வாங்கிய அன்று வீட்டில் பிரியாணி. எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அவ்வளவு கட்டுப்பாடு. எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் அவ்வளவு அக்கறை.

தண்ணீர் கொடுக்கிறீர்களா? கொடுங்கள். அண்ணாந்துதான் குடிப்பேன். பஸ் ஆடுகிறது, பாதி கழுத்துக்குள் போய்விட்டது, பரவாயில்லை.

சரி, ஜப்பான் கடை. உள்ளே போனதும் வாசலில் நின்ற பெண்ணுக்கு நான் குனிந்து வணக்கம் சொன்னேன், வீடியோவில் பார்த்த மாதிரி. அந்தப் பெண் மிசோரமாம். "வாங்கக்கா, எத்தன பேரு?" என்றாள். ஜுனைத் அந்த இடத்திலேயே சிரிக்க ஆரம்பித்தவன், நாற்காலியில் உட்காரும்வரை நிறுத்தவில்லை.

"பூங்கா, நீ இன்னும் கொஞ்சம் குனிஞ்சிருந்தா அவ ஆசீர்வாதமே பண்ணியிருப்பா."

நானும் சிரித்தேன். அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. மீன் வறுவல், முட்டையைச் சுருட்டின மாதிரி ஒன்று, தடித்தடியாக நூடுல்ஸ் போட்ட சூப், எல்லாம் நடுவில். நான் ஒவ்வொரு தடவையும் குச்சியைத் திருப்பித் திருப்பி எடுத்தேன். நிவேதிதா பார்த்துவிட்டு, "என்னடி, டிரம்ஸ் வாசிக்கறியா?" என்றாள். இதுதான் முறை என்று மட்டும் சொன்னேன். காரணம் சொல்லவில்லை.

காரணம் இருந்தது. எனக்கு அப்போது இருமல். அன்று பன்னிரண்டாவது நாள். எண்ணிக்கொண்டு வந்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருப்பார்களே, எனக்கு அந்த எழுத்து மனப்பாடம். இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது. இருமலோடு ஏன் போனாய் என்கிறீர்களா? அந்த ஒரு சனிக்கிழமையை விட மனசு வரவில்லை. வேறு எங்கேயும் என்னை யாரும் கூப்பிடுவதில்லை அக்கா.

சூப்பை மட்டும் ஆளுக்கொரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டோம், கிண்ணத்தோடு தூக்கிக் குடிக்கலாம் அங்கே. நான் வாய் வைத்துக் குடித்துவிட்டு மேஜையில் வைத்தேன். ஜுனைத் பேசிக்கொண்டே, "உன் கிண்ணத்துல ரெண்டு காளான் இருக்கு, எனக்கு ஒண்ணுகூட வரல" என்று குச்சியை நீட்டினான்.

நான் கிண்ணத்தை இழுத்தேன்.

இழுத்தேன், கையால் மூடினேன். சூப் தெறித்து நிவேதிதாவின் குர்தாவில் விழுந்தது. இதெல்லாம் உண்மை. எதையும் மறைக்கவில்லை. ஜுனைத்தின் குச்சி அப்படியே நடுவில் நின்றது. பிறகு மெதுவாகக் கீழே வைத்தான். "ஸாரி" என்றான். அவன் எதற்கு ஸாரி சொல்ல வேண்டும்? அந்த நேரத்தில் நான்தான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எங்கம்மாவுக்கு டி.பி., எனக்கும் இருக்கலாம் என்று சாப்பாட்டு மேஜையில் சொன்னால் அடுத்த மாதம் கூப்பிடுவார்களா? நீங்களே இப்போது ஜன்னலைத் திறந்தீர்கள். இல்லை இல்லை, காற்றுக்காகத்தான், தெரியும்.

பத்து நாள் கழித்து சுகிர்தா ராத்திரி துணி மடித்துக்கொண்டே கேட்கிறாள். "ஏய், ஜுனைத் கை பட்டதுன்னு நீ சாப்பாட்டையே தூக்கிப் போட்டியாமே. கம்பெனி பஸ்ல பேசிக்கறாங்க."

தூக்கிப் போட்டேனாம். இன்னொரு பஸ்ஸில், நான் எழுந்து போய்க் கிண்ணத்தைக் கழுவினேனாம். இன்னொன்றில், வேறு கிண்ணம் கேட்டேனாம். "துலுக்கன் எச்சில்" என்றுகூடச் சொன்னேனாம். அந்த வார்த்தை என் வாயில் வருமா? யார் கிளப்பியது என்று கேட்டேன். நிவேதிதா சிரிப்புக்காக, குர்தா கறையைப் பற்றி யாரிடமோ சொன்னாளாம். அது ஒவ்வொரு சீட்டாகப் போய் அப்படி ஆகியிருக்கிறது.

நான் போய் விளக்கம் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? இரண்டு வருஷம் பழகியவர்களுக்கு என்னைத் தெரியாதா? தெரியாவிட்டால் தெரியாமலே இருக்கட்டும் என்று விட்டேன். பேசுகிறவர்கள் முன்னால் இன்னும் நிமிர்ந்து நடந்தேன். இருமல் அதற்குள் குறைந்துவிட்டது, முழுசாகப் போகவில்லை. பரிசோதனைக்குப் போகவில்லை. வேலை இருந்தது.

அடுத்த மாதம் தாய்லாந்து கடை. சென்னைக்கே போனோம். நான் வரமாட்டேன் என்று நினைத்திருப்பார்கள், அதனாலேயே போனேன். உட்கார்ந்ததும், மெனுவைப் பிரிக்கும் முன்னால், ஜுனைத் சர்வரைக் கூப்பிட்டு, "எனக்கு மட்டும் தனியா ஒரு ஃபிரைட் ரைஸ். தனித் தட்டு" என்றான்.

"டேய், ரூல் என்னடா ஆச்சு?" என்றாள் நிவேதிதா.

"ரூல் எல்லாருக்கும் ஒத்துக்கணும்ல" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். பச்சைப் பப்பாளிக்காயைச் சீவி, புளிப்பும் காரமுமாக ஒன்று நடுவில் வந்தது. அதை எல்லாருக்கும் பொதுவான கரண்டியால்தான் எடுத்தோம். ஜுனைத் அதையும் தொடவில்லை. தன் தட்டை மேஜை ஓரத்துக்கு நகர்த்தி வைத்துக்கொண்டு, குனிந்து சாப்பிட்டான். ஒருவர் அப்படி ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்ததும் என் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு அது என்னமோ செய்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

நிவேதிதா கை கழுவப் போனபோது சொன்னான். "என் ராத்தாவுக்கு, பெரிய அக்காவுக்கு, நிக்காஹ். உன்னக் கூப்பிடணும்னு உம்மா ரெண்டு மாசமா சொல்லிட்டிருக்காங்க. எங்க ஊர்ல கல்யாணச் சாப்பாடு சகன்ல. ஒரு பெரிய தட்டு, சுத்தி நாலஞ்சு பேரு, எல்லாரும் அதுலயே கை வெச்சு சாப்பிடணும். பொம்பளைங்களுக்குத் தனிப் பந்தி, ஆனா தட்டு அதே மாதிரிதான். நீ கஷ்டப்படுவ. அதான் கூப்பிடல. தப்பா எடுத்துக்காத."

தப்பா எடுத்துக்காதே என்கிறான். நான் அவன் அம்மாவை போனில் மட்டும் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை வீடியோவில், "ஒம் பேரு தோட்டம் மாதிரி இருக்குமா" என்றார்கள். என்னை ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு, சொந்தக்காரர் இல்லாத வீட்டுக்கு, யாரும் இதுவரை கூப்பிட்டதில்லை.

வெளியே பஸ் ஸ்டாப்பில் வைத்துச் சொல்லிவிட்டேன். நிவேதிதா ஆட்டோவில் போய்விட்டாள். "நீ தொட்டேன்னு இழுக்கல. நான் வாய் வெச்சதுன்னு இழுத்தேன். எங்கம்மாவுக்கு டி.பி. இருந்துச்சு. எனக்கு அன்னிக்கு இருமல். உனக்கு எதுவும் வந்துடக் கூடாதுன்னு இழுத்தேன், போதுமா?" கத்தித்தான் சொன்னேன். பக்கத்தில் பழம் விற்கிறவர் திரும்பிப் பார்த்தார்.

அவன் நகர்ந்து நிற்பான் என்று பார்த்தேன். நகரவில்லை.

"இத அன்னிக்கே சொல்றதுக்கென்ன?" என்றான். பிறகு, "எங்க வாப்பாவுக்கும் இருந்துச்சு. துபாய்லேர்ந்து வரும்போதே இருமிட்டுத்தான் வந்தாங்க. ஜன்னல் கதவெல்லாம் திறந்து போட்டோம். மாத்திரைய ஒரு நாளும் விடல. தட்ட மட்டும் மாத்தல. வாப்பாவோட ஒரே சகன்லதான் சாப்பிட்டோம்."

எனக்கு வந்த கோபத்தைப் பாருங்கள். "படிச்சவன் பேசற பேச்சா இது? நாங்கல்லாம் எவ்வளவு ஜாக்கிரதையா இருந்தோம் தெரியுமா? பனி ஆகாதுன்னு ஜன்னலக்கூட மூடித்தான் வெச்சிருந்தோம்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "தட்டால பரவாது பூங்கா. உங்கம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்காங்க. குணமாகி ஒன்பது வருஷம். இப்பவும் தனித் தட்டுதான்" என்றேன். அவனை ஜெயித்துவிட்ட மாதிரி சொன்னேன்.

பஸ் வந்தது, அவன் ஏறவில்லை. "நீ போய் யாராவது டாக்டர்கிட்ட கேளு. நான் சொன்னது தப்புன்னா கல்யாணத்துல உனக்குத் தனித் தட்டு, நானே கொண்டுவந்து வைக்கறேன். சரின்னா உம்மாவோட சகன்ல உக்காரு."

பந்தயத்தை ஒத்துக்கொண்டேன். ஜெயிக்கத்தான் ஒத்துக்கொண்டேன், சந்தேகமே வேண்டாம். போன செவ்வாய்க்கிழமை லீவு போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சளி கொடுத்தேன், எக்ஸ்ரே எடுத்தார்கள். எனக்கு ஒன்றும் இல்லை. தொழிற்சாலைத் தூசி ஒத்துக்கொள்ளவில்லையாம், அவ்வளவுதான்.

கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஐந்து கேள்வி. ஐந்தும் ஒரே கேள்விதான், வேறு வேறு மாதிரி எழுதியது. டாக்டர் அம்மாள் பொறுமையாகப் பதில் சொன்னார். மூன்றாவது கேள்வியிலேயே நோட்டை மூடியிருக்கலாம். மூடாமல் ஐந்தையும் கேட்டேன். கடைசியில் அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். "ஒன்பது வருஷமா? யாரும்மா உங்க வீட்டுல தட்டத் தனியா வைக்கச் சொன்னது?"

நான் பொய் சொல்லமாட்டேன் அக்கா. சின்ன வயதிலிருந்தே அப்படி. சூப்பை இழுத்ததைக்கூட இழுத்தேன் என்றுதான் உங்களிடம் சொன்னேன்.

"யாரோ சொன்னாங்க டாக்டர்" என்றேன்.

கல்யாணம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ராமநாதபுரத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஜுனைத்திடம் இன்னும் சொல்லவில்லை, அவன் சிரிப்பான். பஸ்ஸில் பேசுகிறவர்கள் பேசட்டும். அவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டிய இடம் ஒன்றுதான் இருக்கிறது, அதற்குத்தான் போகிறேன். காஞ்சிபுரம் தாண்டிவிட்டோமா? அம்மா அந்தத் தட்டை எடுக்கப் போவார். இன்றைக்கு வேண்டாம், இதிலேயே சாப்பிடலாம் என்று சொல்ல வேண்டும். பத்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், சரியாக வரவில்லை.

ஒரு டாக்டர் சொன்னால் போதாது என்று இன்னும் இரண்டு இடத்தில் விசாரித்தேன். எங்கள் கம்பெனி நர்ஸிடம் ஒரு தடவை. பிறகு, அம்மாவுக்கு அந்தக் காலத்தில் மாத்திரை கொடுத்த சுகாதார நிலையத்துக்கே போன் செய்து ஒரு தடவை. மூன்று பேரும் ஒன்றையேதான் சொன்னார்கள். காசநோய் காற்றில் பரவும். தட்டில் பரவாது, டம்ளரில் பரவாது, ஒரே பாத்திரத்தில் சேர்ந்து சாப்பிட்டால் பரவாது. அம்மாவின் சிகிச்சை அட்டையின் படம் என் போனில் இருக்கிறது, பெரிதாக்கிப் பார்த்தேன். 'குணமடைந்தார்' என்று முத்திரை குத்தியிருக்கிற தேதி, நான் ஒன்பதாவது முழுப் பரீட்சை எழுதிய ஏப்ரல்.